இரும்பைத் தொட்ட கையின் வாடை: ஒரு வேதியியல் விளக்கமும் அதன் எல்லைகளும்

1. சிக்கல்

பேருந்தின் கைப்பிடிக் கம்பியை நெடுநேரம் பற்றியிருந்தவரும், கிணற்று இராட்டினத்தின் சங்கிலியை இழுத்தவரும், பட்டறையில் சம்மட்டி பிடித்தவரும் தம் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தால் ஏறத்தாழ ஒரே வகையான வாடையை உணர்கின்றனர். பேச்சில் ‘இரும்பு வாடை’ என்றே இது குறிக்கப்படுகிறது. உலோகத்துக்கென்று ஒரு மணம் உண்டு, அது தொட்ட கையில் ஒட்டிக்கொள்கிறது என்பதே இதைப் பற்றிய பொதுவான புரிதல். தொடுவதற்குக் கை, முகர்வதற்கு மூக்கு, இரண்டுக்கும் முன்னதாக உலோகம் என்ற வரிசையில் வைத்துப் பார்க்கும்போது இப்புரிதல் இயல்பானதாகவே தோன்றுகிறது.

ஆனால் ஒரு பொருளின் மணம் உணரப்பட வேண்டுமானால், அப்பொருளிலிருந்து மூலக்கூறுகள் ஆவியாகிக் காற்றில் கலந்து மூக்கின் உட்சவ்வை அடைய வேண்டும். இரும்பு 1538 டிகிரி செல்சியசில் உருகி 2862 டிகிரியில் கொதிக்கும் உலோகம். அறை வெப்பநிலையில் அதன் ஆவியழுத்தம், அதாவது ஆவியாகி வெளியேற முனையும் ஆற்றல், இல்லை என்று சொல்லத்தக்க அளவுக்குச் சிறியது. செம்பின் நிலையும் இதுவே. எனவே கம்பியைப் பிடித்த கையிலிருந்து மூக்கை அடைவது இரும்பு அணுக்களாக இருக்க இயலாது. அறை வெப்பநிலையிலேயே ஆவியாகும் உலோகமான பாதரசத்துக்கோ மணமே இல்லை. அதனால்தான் அதன் நச்சு ஆவி அறையில் பரவியிருப்பது எவருக்கும் தெரியாமல் போகிறது.

மணமுள்ள உலோகங்கள் என்று எடுத்துக்காட்டப்படுபவையும் நெருங்கிப் பார்த்தால் வேறு கதையைச் சொல்கின்றன. ஆஸ்மியத்தின் காரமான நெடி, அவ்வுலோகம் ஆக்சிஜனுடன் சேர்ந்து உருவாக்கும் ஆஸ்மியம் டெட்ராக்சைடு என்னும் ஆவியாகும் சேர்மத்தின் நெடி. உலோகப்போலியான டெல்லூரியத்தைக் கையாளும் தொழிலாளர்களின் மூச்சில் பூண்டு வாடை வீசுவதற்குக் காரணம், உடலுக்குள் சென்ற டெல்லூரியத்தை உடலே டைமெத்தில் டெல்லூரைடாக மாற்றி வெளியேற்றுவது. இவை எவற்றிலும் தனிமத்துக்கு மணமில்லை. அது சேர்ந்து உருவாக்கிய சேர்மமே மணக்கிறது.

அழுக்கும் எண்ணெயும் முன்பு தொட்டவர்களின் வியர்வையுமே வாடைக்குக் காரணம் என்பது இரண்டாவது புரிதல். முதலாவதைவிட இது உண்மைக்கு அருகில் வருகிறது என்றாலும், சுத்தமாகத் துடைத்து உலர்த்திய இரும்புத் துண்டு தன்னளவில் மணமற்றிருப்பதையும், ஈரக்கை பட்ட சில நொடிகளிலேயே வாடை எழுவதையும் இது விளக்கவில்லை. வாடை அங்கே ஏற்கெனவே காத்திருப்பதில்லை, தொடும் கணத்தில் உண்டாகிறது என்பதையே இக்கவனிப்பு சுட்டுகிறது. அப்படியானால் உண்டாவது எது, எதிலிருந்து?

இக்கேள்விக்கு 2006இல் ஒரு தெளிவான விடை கிடைத்தது. அவ்விடை தன் எல்லைக்குள் வலுவானது. ஆனால் அறிவியல் செய்திகளில் அது மீண்டும் மீண்டும் சொல்லப்பட்டபோது, எல்லா உலோகங்களுக்கும், நாக்கில் உணரப்படும் உலோகச் சுவைக்கும், மனிதப் பரிணாமத்துக்கும் என மூன்று திசைகளில் நீட்டிக்கப்பட்டுவிட்டது. அம்மூன்று நீட்டிப்புகளையும் சான்றுகள் எந்த அளவுக்குத் தாங்குகின்றன என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

2. 2006ஆம் ஆண்டின் ஆய்வு

ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள சுற்றுச்சூழல் ஆய்வு மையத்தையும் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த டீட்மார் கிளிண்டெமான், ஆண்ட்ரியா டீட்ரிக், ஹான்ஸ்-யோவாகிம் ஷ்டெர்க், பேட்டர் குஷ்க் ஆகிய நால்வர், இரும்பின் இரண்டு வாடைகளைப் பற்றிய தம் ஆய்வை ‘ஆங்கேவாண்டே கெமி’ இதழில் 2006இல் வெளியிட்டனர். இரண்டு வாடைகள் என்று அவர்கள் குறித்தவை, தொட்ட இரும்பின் வாடையும் அமிலத்தில் ஊறிய இரும்பின் வாடையும். பின்னாளில் செய்தியாகப் பரவியது முதலாவது மட்டுமே. இரண்டாவதைப் பெரும்பாலோர் கைவிட்டுவிட்டனர். அதற்குக் கட்டுரையின் பிற்பகுதியில் இடம் தரப்படுகிறது.

ஆய்வின் மையச் சோதனை எளிமையானது. இரும்பு கரைசலில் இரண்டு வடிவங்களில் இருக்கக்கூடும்: இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஃபெரஸ் அயனி, மூன்றை இழந்த ஃபெரிக் அயனி. துருவில் இருப்பது பெரும்பாலும் பின்னது. இரும்பு உலோகத்தையும் ஃபெரஸ் அயனி கொண்ட கரைசலையும் ஏழு பேரின் தோலில் தொடச் செய்தபோது, இரண்டு நிலைகளிலும் அவர்கள் பூசண நெடி கலந்த அதே உலோக வாடையை உணர்ந்தனர். ஃபெரிக் அயனி அந்த வாடையை எழுப்பவில்லை. இந்த வேறுபாடே ஆய்வின் உயிர்நாடி. உலோகத் துண்டே இல்லாமல், நிறமற்ற ஒரு நீர்க்கரைசலைக் கொண்டு உலோக வாடையை உண்டாக்க முடிகிறதென்றால், அவ்வாடைக்கு உலோகத்தின் திண்ம வடிவம் தேவையில்லை. இரும்பிலேயே ஒரு வடிவம் வாடையை எழுப்ப, மற்றொன்று எழுப்பவில்லை என்றால், நடப்பது ஒட்டிக்கொள்வது அன்று, வேதிவினை.

தோலிலிருந்து எழுந்த ஆவியைச் சேகரித்து வாயு நிறப்பகுப்பியல் முறையில், அதாவது கலவையின் கூறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து அடையாளம் காணும் முறையில், ஆராய்ந்தபோது ஹெக்சனால் முதல் டெக்கனால் வரையிலான ஆல்டிஹைடுகளும் 1-ஆக்டீன்-3-ஓன் என்னும் கீட்டோனும் கண்டறியப்பட்டன. இவை அனைத்தும் கார்பன் சேர்மங்கள். எதிலும் இரும்பு அணு கிடையாது. ‘இரும்பு வாடை’ என்று அறியப்பட்டது மனித உடலின் வாடைகளுள் ஒன்று என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தது இதன் அடிப்படையில்தான்.

3. உள்ளங்கையில் நிகழ்வது

இவ்வினைக்கு மூன்று பொருள்கள் வேண்டும்: இரும்பைக் கரைக்கும் ஈரம், கரைந்து வந்த ஃபெரஸ் அயனி, அது தாக்குவதற்கான கொழுப்புச் சேர்மம். வியர்வையில் உப்பும் லாக்டிக் அமிலமும் உள்ளன. உப்பும் இலேசான அமிலத்தன்மையும் சேர்ந்த ஈரத்தில் இரும்பு எளிதில் அரிக்கப்படும். எந்திரத் தொழிற்சாலைகளில் சிலருடைய கை பட்ட எஃகுப் பாகங்கள் மட்டும் விரைவில் துருப்பிடிப்பதும், அத்தகையோருக்குக் கையுறை கொடுக்கப்படுவதும் அத்துறையினர் நன்கறிந்தவை. கண்ணுக்குத் துரு தெரிவதற்கு வெகு முன்னரே கையில் ஃபெரஸ் அயனி ஏறிவிடுகிறது.

கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்பது சற்று விரிவாகப் பார்க்கத்தக்கது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் எண்ணெய்ச் சுரப்பிகள் இல்லை. வியர்வைச் சுரப்பிகளோ உடலின் வேறெந்தப் பகுதியையும்விட அங்கேதான் நெருக்கமாக அமைந்துள்ளன. அரிப்பதற்கான ஈரம் உள்ளங்கையிலேயே சுரக்கிறது. அரித்து வந்த இரும்புக்கு இரையாகும் எண்ணெய்ப்பசையில் கணிசமான பகுதி முகத்தையும் தலைமுடியையும் தொட்டுத் தொட்டுக் கை ஈட்டிக்கொண்டது. தோலின் மேலடுக்குச் செல்களிலுள்ள கொழுப்பு இதனுடன் சேர்கிறது. முகத்து எண்ணெய்ப்பசையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு ஸ்குவாலீன் என்னும் நிறைவுறா ஹைட்ரோகார்பன். மீதியில் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் பல உள்ளன. நிறைவுறாதவை என்பதால், இரட்டைப் பிணைப்புகள் கொண்ட இச்சேர்மங்களைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் மெல்ல மெல்லத் தாக்கி லிப்பிட் பெராக்சைடுகளாக மாற்றிக்கொண்டே இருக்கிறது. பழைய நல்லெண்ணெய் காறிப்போவதன் முதற்படியும் இதுவே.

பெராக்சைடுகள் தம்மளவில் மணமற்றவை, ஆனால் நிலையற்றவை. 1894இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வேதியியலாளர் ஹென்றி ஃபென்டன், ஹைட்ரஜன் பெராக்சைடுடன் சிறிதளவு ஃபெரஸ் உப்பைச் சேர்த்தால் அக்கலவை டார்டாரிக் அமிலத்தை வேகமாக ஆக்சிஜனேற்றம் செய்வதை விவரித்தார். தோலில் நிகழ்வது இவ்வினையின் நெருங்கிய உறவு. ஃபெரஸ் அயனி தன் எலக்ட்ரான் ஒன்றைப் பெராக்சைடுக்குக் கொடுத்துத் தான் ஃபெரிக் ஆகிறது; எலக்ட்ரானைப் பெற்ற பெராக்சைடு பிளந்து, ரேடிக்கல் எனப்படும் மிகு வினைத்திறனுள்ள துண்டாகிறது; அத்துண்டு மேலும் உடைந்து, ஆறு முதல் பத்து வரை கார்பன் கொண்ட, எளிதில் ஆவியாகும் ஆல்டிஹைடுகளையும் கீட்டோன்களையும் வெளிவிடுகிறது. நொடிகளில் முடிந்துவிடும் வினை இது. ஃபெரிக் அயனி ஏன் வாடை எழுப்பவில்லை என்பதும் இங்கேயே விளங்கிவிடுகிறது. கொடுக்க வேண்டிய எலக்ட்ரானை அது ஏற்கெனவே இழந்துவிட்டது.

இவ்விளக்கத்தின் வலிமை, அன்றாட அனுபவங்கள் பலவற்றைக் கூடுதல் ஊகமின்றித் தன்னுள் அடக்குவதில் இருக்கிறது. வியர்த்த கையில் வாடை மிகுவது, குளிர்ந்து உலர்ந்த கையில் குறைவது, சாயம் பூசிய கம்பியில் அற்றுப்போவது, சோப்புப் போட்டுக் கழுவினால் பெரும்பாலும் நீங்கிவிடுவது ஆகிய அனைத்தும் ஈரம், அயனி, கொழுப்பு என்னும் மூன்றில் ஒன்று இல்லாமற்போவதன் விளைவுகள்.

வேறொரு வினாவும் எஞ்சுகிறது. சில நொடித் தொடுதலில் உண்டாகும் சேர்மத்தின் அளவு மிகமிகச் சிறியதாகவே இருக்க முடியும். அதை மூக்கு எப்படி அறிகிறது? 1-ஆக்டீன்-3-ஓன் நீரில் கரைந்திருக்கும்போது லிட்டருக்கு 0.005 மைக்ரோகிராம் இருந்தாலே மனித மூக்கு உணர்ந்துவிடும் என்பது பொதுவாகத் தரப்படும் அளவு. ஒரு கிராமை 20 கோடி லிட்டர் நீரில் கலந்த செறிவு அது. மேலும் இச்சேர்மத்துக்கு உலோக வாடையுடனான தொடர்பு 2006இல் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. பால்பொருள்களில் சில வேளைகளில் தோன்றும் ‘உலோக நெடி’ என்னும் கெடுமணத்துக்கு இதே கீட்டோன்தான் காரணம் என்று ஆஸ்திரேலியாவில் ஸ்டார்க், ஃபாஸ் ஆகிய இருவர் 1962இலேயே கண்டறிந்திருந்தனர். பால்கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைவதில் இச்சேர்மம் உண்டாகிறது. தோலும் வெண்ணெயும் ஒரே சேர்மத்தால் ஒரே வாடையைப் பெறுகின்றன என்பது, வாடையின் மூலம் கொழுப்பே என்பதற்கு 2006ஆம் ஆண்டு ஆய்வுக்கு வெளியிலிருந்து கிடைக்கும் சான்று. அதன் மதிப்பு தனி.

4. மற்றொரு இரும்பு வாடை

வாடை முழுவதும் உடலுடையது, உலோகத்துக்கு அதில் பங்கே இல்லை என்ற மிகைக்கூற்றைத் தடுப்பது, அதே ஆய்வுக் கட்டுரையின் மறக்கப்பட்ட பாதி. வார்ப்பிரும்பையோ எஃகையோ அமிலத்தில் இட்டால் பூண்டையோ கார்பைடு கல்லையோ நினைவூட்டும் நெடி எழும். இது தோல் படாமலே எழுவது. இரும்பில் மாசாகக் கலந்துள்ள பாஸ்பரஸ், அமிலத்துடன் வினைபுரிந்து பாஸ்பீன் வாயுவைத் தருகிறது, அதன் நெடியே இது என்று உலோகவியலாளர்கள் நெடுங்காலம் கருதிவந்தனர். கிளிண்டெமான் குழுவினர் தூய்மைப்படுத்திய பாஸ்பீனை முகரத்தக்க அளவுக்கு நீர்க்கச் செய்து பார்த்தபோது அதற்கு ஏறத்தாழ மணமே இல்லை. நெடிக்குக் காரணமாக இருந்தவை, இரும்பிலுள்ள பாஸ்பரசும் கார்பனும் சேர்ந்து உருவாகும் மெத்தில்பாஸ்பீன், டைமெத்தில்பாஸ்பீன் ஆகியவை. இங்கும் மணப்பது இரும்பு அன்று. ஆனால் மணப்பதன் மூலப்பொருள் உலோகத்துக்குள்ளேயே இருந்தது.

5. செம்பு, எவர்சில்வர், தங்கம்

முதல் நீட்டிப்பு, இவ்விளக்கத்தை எல்லா உலோகங்களுக்கும் பொதுவாக்குவது. செம்பைப் பொறுத்தவரை அதற்கு வேதியியல் நியாயம் உண்டு. செம்பும் இருவகை அயனிகளாக மாறி மாறி எலக்ட்ரானைக் கொடுத்து வாங்கக்கூடியது. கொழுப்பு காறுவதைத் தூண்டுவதில் அது இரும்பையும் விஞ்சும். பால்பண்ணைகளில் செம்புக் கலங்களும் குழாய்களும் கைவிடப்பட்டுத் துருப்பிடிக்கா எஃகு இடம்பெற்றதற்குப் பாலில் தோன்றிய ஆக்சிஜனேற்ற நெடி ஒரு முக்கியக் காரணம். தமிழ்நாட்டுச் சமையலறைகளில் பித்தளைப் பாத்திரங்களின் உட்புறத்தில் ஈயம், அதாவது வெள்ளீயம், பூசும் வழக்கம் களிம்பு ஏறுவதைத் தடுப்பதற்காக ஏற்பட்டது. செம்பு அயனி உணவில் இறங்காமல் தடுக்கும் அப்பூச்சு, உணவின் கொழுப்பையும் காத்திருக்க வேண்டும் எனக் கருத இடமுண்டு. எனினும் 2006ஆம் ஆண்டு ஆய்வின் மையம் இரும்பு. பித்தளைக் கைப்பிடியின் வாடைக்கும் இரும்புக் கம்பியின் வாடைக்கும் இடையே பலரும் உணரும் சிறு வேறுபாட்டை அதைக்கொண்டு விளக்கிவிட்டதாகக் கொள்வது சரியாகாது.

அரிக்கப்படாத உலோகங்களில் விளக்கம் மீண்டும் தெளிவாகப் பொருந்துகிறது. எவர்சில்வர் என்று வழங்கும் துருப்பிடிக்கா எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் உண்டு. அது காற்றுப் பட்டதும் சில நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்சைடு படலத்தை மேற்பரப்பில் உருவாக்கி, உள்ளிருக்கும் இரும்பு கரைந்து வெளிவராமல் மூடிவிடுகிறது. எடையில் பெரும்பகுதி இரும்பாக இருந்தும் எவர்சில்வர் தம்ளர் கையில் வாடையை விடுவதில்லை. இரும்பு தோசைக்கல் விடுகிறது. தங்கம் வியர்வையில் கரைவதே இல்லை. வாடையைத் தீர்மானிப்பது உலோகத்தின் பெயரன்று, அது வியர்வையில் கரையுமா என்பதே.

6. நாக்கும் மூக்கும்

இரண்டாவது நீட்டிப்பு சுவை சார்ந்தது. ஃபெரஸ் சல்பேட்டைச் சித்த மருத்துவம் அன்னபேதி என்று அறியும். கருவுற்ற பெண்களுக்கு வழங்கப்படும் இரும்புச்சத்து மாத்திரைகளிலும் அதுவே பரவலாகப் பயன்படுகிறது. அம்மாத்திரை வாயில் கரைந்தால் உண்டாகும் உலோகச் சுவை உண்மையில் சுவைதானா என்பதைச் சோதிக்க எளிய வழி, மூக்கைப் பொத்திக்கொள்வது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஹாரி லாலெஸ் குழுவினர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், மூக்கை அடைத்தபோது ஃபெரஸ் சல்பேட்டின் உலோக உணர்வு வெகுவாகக் குறைந்தது. வாய்க்குள் எழும் ஆவி தொண்டையின் பின்வழியாக மூக்கை அடைந்தே அவ்வுணர்வைத் தருகிறது என்பது இதன் பொருள். உள்ளங்கையில் நிகழும் அதே கொழுப்புச் சிதைவு வாய்ச்சவ்விலும் நிகழ்கிறது என்ற கருத்துக்கு இது இசைவானது.

ஆனால் அதே ஆய்வில், நாக்கில் சிறு மின்னோட்டம் செலுத்தி உண்டாக்கிய உலோக உணர்வு மூக்கை அடைத்தும் குறையவில்லை. 1750களில் யோஹான் கேயார்க் சூல்ட்சர் ஈயத்தையும் வெள்ளியையும் ஒன்றையொன்று தொடுமாறு நாக்கில் வைத்து, தனித்தனியே இல்லாத ஒரு சுவை சேர்க்கையில் தோன்றுவதையும், அது அன்னபேதியின் சுவையை ஒத்திருப்பதையும் பதிவு செய்தார். வோல்டாவின் மின்கலத்துக்கு அரை நூற்றாண்டு முந்தைய பதிவு இது. இன்று நோக்கினால், இரு உலோகங்களும் உமிழ்நீரும் சேர்ந்து ஒரு மின்கலமாகிவிட்டன என்பது தெளிவு. ஆகவே ‘உலோகச் சுவை’ என்ற ஒரே பெயரின் கீழ், மூக்கு உணரும் கொழுப்புச் சிதைவும் நாக்கின் நரம்புகள் உணரும் மின்தூண்டலும் என இரண்டு தனி நிகழ்வுகள் அடங்கியுள்ளன. தோல் வாடையின் விளக்கம் முதலாவதற்கே பொருந்தும்.

7. இரத்த வாடையும் பரிணாமக் கதையும்

மூன்றாவது நீட்டிப்பே மிகவும் கவர்ச்சியானது. எச்சரிக்கையும் இங்கேதான் கூடுதலாகத் தேவை. இரத்தத்தைத் தோலில் தேய்த்தபோதும் அதே உலோக வாடை எழுந்ததை 2006ஆம் ஆண்டு ஆய்வு குறிப்பிடுகிறது. மனித உடலிலுள்ள 3 முதல் 4 கிராம் இரும்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு ஹீமோகுளோபினில் இருப்பதால் இதில் வியப்பில்லை. இதிலிருந்து ஆதி மனிதர்கள் காயம்பட்ட இரையையோ தம் கூட்டத்தில் அடிபட்டவரையோ மோப்பத்தால் கண்டறிய இவ்வுணர்திறன் உதவியிருக்கலாம் என்ற கருத்து முன்வைக்கப்பட்டது. ஆய்வாளர்கள் ஊகமாகச் சொன்னதைச் செய்திகள் முடிவாகவே எழுதின.

பின்னர் வந்த இரு ஆய்வுகள் இவ்வூகத்தைச் சீர்தூக்க உதவுகின்றன. 2014இல் வெளியான சுவீடன் ஆய்வொன்றில், தென்னிந்தியக் காடுகளிலும் வாழும் செந்நாய், ஆப்பிரிக்கக் காட்டுநாய், தென் அமெரிக்கப் புதர்நாய், சைபீரியப் புலி ஆகிய நான்கு விலங்குகளுக்கு, மணமூட்டிய மரக்கட்டைகள் வைக்கப்பட்டன. குதிரை இரத்தம் பூசிய கட்டையை அவை எந்த அளவுக்கு நாடினவோ, அதே அளவுக்கு இரத்த மணத்தின் ஒரேயொரு கூறான எப்பாக்சிடெசெனல் என்னும் ஆல்டிஹைடு பூசிய கட்டையையும் நாடின. பழமணம் ஊட்டிய கட்டையையோ வெறும் கரைப்பான் தடவியதையோ அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. மூக்குக்கு உலோக நெடியாகத் தெரியும் அந்த ஆல்டிஹைடும் கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தில் பிறப்பதே. இது வரை ஊகத்துக்கு ஆதரவு.

ஆனால் 2017இல் அதே சேர்மத்தை வைத்து வெளியான தொடராய்வில் ஓநாய்கள் அதை நாடிவர, எலிகள் விலகின; மனிதர்களோ, அது இரத்தத்தின் மணம் என்று அறியாமலே, உடலைச் சற்றே பின்னுக்குச் சாய்த்தனர். இரையைத் தேடும் விலங்கின் அசைவு இதுவன்று, ஆபத்திலிருந்து விலகும் விலங்கின் அசைவு. வேட்டைக்காரனின் மோப்பம் என்ற கதையைவிட, இரத்தம் சிந்திய இடத்தை விட்டு ஒதுங்கும் எச்சரிக்கை என்ற விளக்கத்துக்கே கிடைத்துள்ள சான்று சாய்கிறது. மேலும் இவ்வாய்வுகள் பயன்படுத்தியது இரத்தத்தின் ஆல்டிஹைடை. தொட்ட இரும்பின் வாடையில் முதன்மையானதாகக் காணப்பட்ட 1-ஆக்டீன்-3-ஓனை அன்று. இரண்டும் மூக்குக்கு உலோக நெடியாகத் தோன்றுகின்றன என்பதைக்கொண்டு ஒன்றின் நடத்தைச் சான்றை மற்றொன்றுக்கு மாற்றிச் சொல்ல முடியாது. 1-ஆக்டீன்-3-ஓன் காளான் மணத்திலும் உண்டு. காளான் பறிப்பவர் எவரும் இரத்தத்தை எண்ணி ஒதுங்குவதில்லை.

ஆகவே தொட்ட இரும்பின் வாடை தோலின் கொழுப்பிலிருந்து பிறக்கிறது, அதைப் பிறப்பிப்பது வியர்வையில் கரைந்த ஃபெரஸ் அயனி என்பது நிறுவப்பட்ட செய்தி. செம்புக்கும் வாய்ச்சுவையின் ஒரு பகுதிக்கும் அவ்விளக்கம் பொருந்துவது நியாயமான முடிவு. அவ்வாடையை உணரும் திறன் வேட்டைக்காக உருவானது என்பது ஊகம் மட்டுமே. கையிலுள்ள சான்று அதற்கு எதிர்ப்பக்கமே நிற்கிறது.